நீக்கல் இல்லாத கப்பல்

புட்டுப் பானை ஆவியில் வளைத்த பலகைக் கீற்றை மாதிரிக் கப்பலின் விலாச்சட்டத்தில் ஒட்டி, உடுப்புக் கிளிப்பால் கவ்வவிட்டான் தர்மகுலன்.

“அலுமாரி செய்யிறவனுக்கு உதென்ன கப்பல் விளையாட்டு? உந்தப் பானையில இனி நான் புட்டு அவிச்ச மாதிரித்தான்!” என்றாள் அக்கா தவமணி.

“பொறுங்கோ அக்கா. நாளைக்கு ஒராளுக்குக் காட்டவேணும். பலகைக்குப் பலகை இடைவெளி, நீக்கல் ஒண்டும் தெரியக்கூடாது.”

மறுநாள், ரொறன்ரோவின் அகதி விசாரணை அறையில் மேல்தட்டைக் கழற்றிக் காட்டினான். “சண்டை முடிஞ்ச கையோட இப்பிடியொரு கப்பலிலதான் தப்பி வந்தனாங்கள். இந்த அடித்தட்டில நூற்றைம்பது பேர், மூண்டு மாதம். சரிஞ்சு படுக்க இடமில்லை.”

அதிகாரி கப்பலின் வயிற்றை ஆசையாகத் தடவினார். அவர் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னார்:

“வேலை நல்ல சுத்தமாம். கடற்புலிகளுக்கு எத்தனை வருசம் படகு கட்டினனீங்கள் எண்டு கேக்கிறார்.”