மொழி முன்னால், நாடு பின்னால்

“என்னம்மா இது, மூச்சு நின்னவனுக்கு ஈ.சி.ஜி. எடுத்த மாதிரி இருக்கு?” என்றார் மேனேஜர்.

புரொஜெக்டரிலிருந்து சுவரில் விழுந்த வரைபடத்தில் ஒரே நேர்கோடு. எங்கள் தையல் மெஷின் கம்பெனியின் இணையதளத்தில், பக்கத்து நாட்டு வாடிக்கையாளர்களுக்காக அவர்கள் மொழியில் என்னோடு வேலை பார்க்கும் அக்கா எழுதிய நாற்பது பக்கங்களை நான்கு மாதத்தில் பார்த்தவர்கள் மொத்தம் பதினோரு பேர். அதில் ஏழு பேர் நான். அதுவும் படிக்க இல்லை, படமெல்லாம் இடத்தில் நிற்கிறதா என்று பார்க்க. ஆபீசில் அந்த மொழி அக்காவுக்கு மட்டும்தான் தெரியும்.

அக்கா தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். நான் அவரைவிடக் குனிந்து, மேசைக்கடியில் பேனா தேடிக்கொண்டிருந்தேன். பேனா சட்டைப்பையில்தான் இருந்தது.

அந்த நேர்கோட்டைப் போட்ட புண்ணியவான் நான்.

ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும், இது எந்த மொழி, எந்த நாட்டுக்காரருக்கு என்று தேடுபொறிக்கு ஒரு குறி எழுதவேண்டும். மொழிக்கு இரண்டெழுத்து முன்னால், நாட்டுக்கு இரண்டெழுத்து பின்னால், நடுவில் சின்னதாக ஒரு கோடு. நாற்பது பக்கத்திலும் நான் நாட்டை முன்னால் வைத்துவிட்டேன். தேடுபொறி அந்த வரியைச் சட்டை செய்யாமல், வந்தவரையெல்லாம் ஆங்கிலப் பக்கத்துக்கே அனுப்பிக்கொண்டிருந்தது.

இதைக் கண்டுபிடித்து ஒரு வாரம் ஆகியிருந்தது. திருத்தினால் யார், எதை, எப்போது திருத்தினார் என்று பெயரோடு பதிவாகும். அதனால் ஒரு வாரமாக நான் ரொம்ப நல்ல பிள்ளையாக வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

“யாரும் பார்க்காத பக்கத்துக்கு ஓர் ஆள் எதுக்கு? இந்த மாசத்தோட முடிச்சுக்கலாம்மா” என்றார் மேனேஜர்.

“சரி சார்” என்றார் அக்கா. அவ்வளவுதான். பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். வீட்டில் வேலைக்குப் போகிறவர் அவர் ஒருவர்தான். ஒரு கெஞ்சல் இல்லை, ஒரு ‘ஏன்’ இல்லை.

சாப்பாட்டு வேளையில் எனக்கு ஆறுதல் சொன்னது அவர்தான்.

“ஏன் தம்பி பேயறைஞ்ச மாதிரி இருக்கே? வேலைதானே, போனாப் போகுது. உன் வேலையா போச்சு?” என்று தன் டப்பாவிலிருந்து பாதியை என் தட்டில் தள்ளினார்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து நாட்டு டீலர் போன் செய்தார். அக்கா ரிசீவரை என்னிடம் நீட்டினார். “நீ பேசிடுப்பா. எனக்குத் தொண்டை கட்டியிருக்கு.”

நான் உடைந்த ஆங்கிலத்தில் சமாளித்து வைத்தேன். பாவம், அழுகையை அடக்கி அடக்கித் தொண்டை கட்டிவிட்டது. அந்தப் பாவமும் என் தலையில்.

அதற்கு மேல் தாங்கவில்லை. மேனேஜர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

“ஏம்பா, ஒரு வாரமாத் தெரியுமா உனக்கு? அந்தம்மா முகத்தைப் பார்த்துக்கிட்டே எப்படிய்யா சோறு தின்னே?” அவருடைய அறைக் கதவு திறந்தே இருந்தது. நல்லவேளை, அக்கா குழாயடியில் டப்பா கழுவிக்கொண்டிருந்தார். “உடனே சரி பண்ணு. ஒரு வாரம் பார்ப்போம். அந்தம்மாகிட்ட நீயே சொல்லி மன்னிப்புக் கேளு.”

குறிகளை அன்றே திருத்தினேன். மன்னிப்பைத் தள்ளிப்போட்டேன். கோடு மேலே ஏறட்டும், நல்ல செய்தியோடு போனால் அடி கொஞ்சம் குறையும் என்று ஒரு நப்பாசை.

ஐந்தாம் நாள் ஏறியது. சும்மா இல்லை, ஏணி வைத்து ஏறியது. ஓடினேன்.

“அக்கா, தப்பு என்னோடது. குறியை மாத்திப் போட்டது நான். நாலு மாசமா நீங்க எழுதினது யார் கண்ணுலயும் படாம பூட்டி வெச்சது நான்தான். இப்ப சரி பண்ணிட்டேன். நேத்து மட்டும் முந்நூறு பேர்!”

அக்காவின் முகம் வெளுத்தது. “முந்நூறு பேர் படிச்சாங்களா?”

“வரிவரியா படிச்சிருக்காங்கக்கா. ஒவ்வொருத்தரும் அஞ்சாறு நிமிஷம் அந்தப் பக்கத்துலயே நின்னிருக்காங்க.”

“அந்தக் குறியைத் திரும்ப முன்ன மாதிரியே மாத்திப் போட முடியுமா?”

கோபத்தில் பேசுகிறார் என்று நினைத்தேன். “திட்டுங்கக்கா. ரெண்டு அறைகூட விடுங்க. இப்படிக் குத்திக் காட்டாதீங்க.”

அவர் பதில் சொல்வதற்குள் மேனேஜரின் குரல் கேட்டது. இத்தனை வருடத்தில் அந்தக் குரலில் இவ்வளவு உற்சாகத்தை நான் கேட்டதில்லை. “அம்மா! டீலர் லைன்ல இருக்காரு! நம்ம பக்கத்தையெல்லாம் படிச்சாராம். எழுதினவங்ககிட்ட நேரா பேசணுமாம், வாங்க!”

அக்கா எழுந்திருக்கவில்லை. நாற்காலிக் கையை இறுகப் பிடித்திருந்தார்.

“என்னக்கா, என் மேல அவ்வளவு கோபமா? உண்மையைச் சொல்லுங்க.”

அவர் தரையைப் பார்த்தபடி, தொண்டையில் எந்தக் கோளாறும் இல்லாத குரலில் சொன்னார்:

“எனக்கு அந்த பாஷையே தெரியாது தம்பி.”