சாரல் குடித்த பிராசஸர்

“ஓடாது” என்றார் கம்ப்யூட்டர் கடை விஸ்வநாத அண்ணாச்சி.

கடையில் வேலை பார்க்கும் மாரிச்செல்விக்குத் தூக்கிவாரிப் போட்டது. டெஸ்ட் போட்டவளே அவள்தான். எல்லாம் பச்சை. எட்டு வருசத்துப் பழைய பிராசஸர், கண்ணில் பெட்டியை மாட்டி ஆடும் விஆர் கேமைத் திணறாமல் ஓட்டியது.

போதாதற்கு அண்ணாச்சியே பெட்டியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு டேபிள் டென்னிஸ் ஆடினார். ஆட்டமா அது? கடை நடுவில் நின்று கையை வீசி, ஸ்குரூ டப்பாவைக் கொட்டி, “அடிச்சேன் பாரு!” என்று கத்தியதில் தென்காசி பஜாரே எட்டிப் பார்த்தது. சாயங்காலம் ஆள் வந்து கேட்டால், ஓடாதாம்.

எதிரே நின்றவன் வடகரை ரிஃபாத். துபாயிலிருந்து ஒரு மாத லீவு. வரும்போது பெட்டியை வாங்கி வந்திருந்தான். அதையும் வீட்டுக் கம்ப்யூட்டரையும் காலையில்தான் கடையில் வைத்துவிட்டுப் போனான்.

“என்ன அண்ணாச்சி, கிராபிக்ஸ் கார்டு போன லீவுல நீங்கதானே மாத்துனீங்க?”

“கார்டு சரி. பிராசஸர் தாங்காது.”

“அப்ப புதுசு போடுங்க.”

“போர்டுக்குச் சேராது.”

“போர்டையும் மாத்துங்க.”

“ஸ்டாக் இல்ல.”

“திருநெல்வேலில சொல்லி எடுங்களேன்.”

“அங்கயும் இருக்காது.”

“பழசுக்கு அப்படி என்னதான் கேடு?”

அண்ணாச்சி முழித்தார். “குத்தாலச் சாரல். ஈரம் குடிச்சிருக்கு.”

மாரிச்செல்விக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. பழசு ஓடும் என்றால் புதுசு விற்காத மனுசன். அதை நம்பித்தான் சிவகிரியிலிருந்தெல்லாம் ஆள் வருகிறது. இப்போது என்ன வந்தது இவருக்கு? இல்லை இல்லை என்று இழுத்து, கடைசியில் முழு செட்டையும் இவன் தலையில் கட்டப்போகிறாரா?

ரிஃபாத் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

“எனக்கில்ல அண்ணாச்சி. முஹ்ஸினாவுக்கு.”

“யாரு, ஒம் பொண்டாட்டிக்கா?”

“ஆமா. ஸ்கூல்ல டேபிள் டென்னிஸ்ல கப் வாங்குனவ. இதே மாதிரி இன்னொண்ணு துபாய்ல என் ரூம்ல கெடக்கு. நான் அங்கன, அவ இங்கன, ஒரே மேசையில ஆடலாம்லா? வீடியோ கால்ல ‘சாப்ட்டியா’, ‘சாப்ட்டேன்’ முடிஞ்சா பொறவு பேச்சே இல்ல. ஆளுக்கொரு ஃபேனைப் பாத்துக்கிட்டு கெடக்கோம். ரெண்டு வருசமா இதே கதை.”

“அவட்ட சொல்லிட்டியா?”

“பெட்டியைப் பாத்திருக்கா. அவளுக்குன்னு இன்னும் சொல்லல. ஓடுச்சுன்னா சொல்லலாம்னு இருந்தேன்.”

அண்ணாச்சி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றித் துடைத்தார்.

“சரி. ஓடும்.”

“எப்ப?”

“நீ ஃப்ளைட் ஏறின மறுநாள். அதுவரைக்கும் கம்ப்யூட்டரும் பெட்டியும் இங்கனயே கெடக்கட்டும்.”

“வெளையாடுதீங்களா அண்ணாச்சி?”

மாரிச்செல்விக்குப் பொறுக்கவில்லை. “எல்லாம் பச்சையாத்தானே வந்துச்சு? இப்பவே கொடுத்து விட்டா என்ன? நாக்கூசாமப் பொய் சொல்லுதீங்களே!”

“ஏட்டி, நீ சும்மா கெட.” அண்ணாச்சி ரிஃபாத் பக்கம் திரும்பினார். “நீ வச்சிட்டுப் போன பொறவு ஒம் பொண்டாட்டி போன் போட்டா. ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னா. சொல்லுதேன், கேளு. ‘ஓடினாலும் ஓடாதுன்னே சொல்லிருங்க அண்ணாச்சி. ரெண்டு வருசம் கழிச்சு வந்திருக்காவ. அந்தப் பெட்டி பாதி மூஞ்சிய மறைச்சிரும். இந்த ஒரு மாசமாவது நான் அவுகள முழுசாப் பாத்துக்கிடுதேன்’னா.”

மாரிச்செல்வி கீழே சிந்திக் கிடந்த ஸ்குரூக்களைக் குனிந்து பொறுக்க ஆரம்பித்தாள்.

ரிஃபாத் எழுந்தான். மேசை மேல் இருந்த பெட்டியை எடுத்து, அவனே உள் அலமாரியில் வைத்துச் சாத்தினான்.

“ஈரம் நல்லாக் காயட்டும் அண்ணாச்சி. அவசரமே இல்ல.”