மிதித்த கால்

2043, ஆடி மாதச் சனிக்கிழமை காலை பத்தேகால். எழிலரசிக்கு மறுநாள் கார் பந்தயம். புதிதாக டர்போ மாட்டிய காரின் இன்ஜினை அதற்கேற்ப இன்றே டியூன் செய்தாக வேண்டும்.

“நேர்லயே கொண்டுபோ, எழில். மெக்கானிக் சவரிமுத்து இன்ஜின் சத்தத்தைக் காதால கேட்டே சரி பண்ணிடுவான்.” கணவன் கதிரேசன் மூன்றாவது முறையாகச் சொன்னான். அவனுக்கு வலிப்பு வந்த பிறகு, கார் ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவன் ஏன் பதறுகிறான் என்று அவளுக்குப் புரியவில்லை.

“அங்க ரெண்டு நாள் வரிசை, மாமா.”

காரின் கம்ப்யூட்டரில் பதிவான ஒரு மாத ஓட்டப் பதிவை, தொலைவிலிருந்தே டியூன் செய்து தரும் டியூனருக்கு அனுப்பினாள். சற்று நேரத்தில் ஸ்பீக்கரில் அவர் குரல் வந்தது.

“மேடம், பெடலை மிதிக்கிற விதத்துல ரெண்டு பேர் கால் தெரியுது. ஒண்ணு தினமும் மதியம் ரெண்டு மணிக்கு.”

“அப்ப நான் ஆபீஸ்ல இருப்பேனே? கார் வீட்லதானே நிக்கும்?”

கதிரேசன் துடைத்த பானெட்டையே மறுபடி துடைத்தான்.

“நேத்து அந்தக் கால் எட்டு செகண்ட் ஆக்சிலரேட்டர்ல விறைச்சு நின்னிருக்கு. அது யாரு, மேடம்?”