எல்லைக்கல்லுக்கு அடியில் ஒரு கிழங்கு

திண்டிவனத்துக்கு மேற்கே, காட்டிலாகா புதிதாக நட்ட எல்லைக்கல்லின் மேல் மாலை வெயில் தேனாக வழிகிறது. இருளர் வீட்டுக் கன்னியம்மா மண்டியிட்டுக் கிழங்கு தோண்டுகிறாள். கொடி கல்லுக்கு இப்புறம் முளைத்திருக்கிறது. கிழங்கோ கல்லுக்கு அடியில் நழுவி அப்புறம் போயிருக்கிறது. ஃபாரஸ்ட் கார்டு துரைக்கண்ணு அவளுடைய கடப்பாரையை மிதித்துக்கொண்டு நிற்கிறார். "அந்தப் பக்கம் சர்க்கார் காடு, தெரியாதா?" "எனக்குத் தெரியுதுங்க சாமி. கெழங்குக்குத்தான் யாரும் சொல்லல." அவர் மீசைக்குள் சிரிப்பு நெளிகிறது, பூட்ஸ் அசையவில்லை. எங்கோ ஒரு செம்போத்து கூவுகிறது. குடிசையில் பிள்ளைகள் அடுப்பை மூட்டிக் காத்திருப்பார்கள். அவள் வெறுங்கையால் மண்ணை அள்ளி, கல்வரை கிடைத்த கிழங்கை ஒடித்து மடியில் கட்டிக்கொள்கிறாள். எப்போதும்போல் கொடியின் தலையைக் குழியில் திரும்ப வைத்து மூடுகிறாள், ஏதோ முணுமுணுத்தபடி. "மண்ணுகிட்ட என்னா பேச்சு?" "அடுத்த மழைக்கு மொளைக்கும் சாமி. இந்தப் பக்கமாவே வளருன்னு சொல்லிக்கினு இருக்கேன்." பூட்ஸ் மெல்ல விலகுகிறது. பாரையின் மேல் வெயில் விழுகிறது.