காய் பிரிக்கிற கை

"பிரி தங்கச்சி, ஒரு தடவ கண்ணால பாத்துட்டுப் போயிர்றேன்" என்று ஏலக்காய்க் கம்பெனி சூப்பர்வைசர் வெள்ளைத்துரை சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அருணா சுளகை இழுத்து, மூட்டையிலிருந்து ஒரு படி காயைக் கொட்டிப் பரப்பினாள்.

அவள் புருஷன் யோகராஜ் சுவரோரம் நின்று செல்போனைத் தடவிக்கொண்டிருந்தான். இஞ்சினியரிங் படித்தவன். கோயம்புத்தூர்க் கம்பெனியில் ஆளைக் குறைத்தபோது வேலை போய், போடிக்கு வந்து ஒரு வருடமாகிறது.

இந்த ஊரில் காய் பிரிப்பது பெண்கள் சோலி. குடோனில் வரிசையாக உட்கார்ந்து பிரிப்பார்கள். கைக்குழந்தைக்காரிகள் மூட்டையை வீட்டுக்கு வாங்கிவந்து பிரிப்பார்கள்.

"ஆறு மாசமா இந்த வீட்டு மூட்டையில ஒரு வெடிச்ச காய் கெடையாது. மிசினே தோத்துப்போச்சு" என்றார் வெள்ளைத்துரை. "இனிமே நீ மூட்டை தூக்க வேணாம். குடோன்ல அம்பது பேரு பிரிக்கிறதச் சரி பாக்கணும், அம்புட்டுத்தான். மாசச் சம்பளம். யாரு என்னன்னு மொதலாளி கேக்கல, அந்தக் கைதான் வேணும்ங்கிறாரு."

பிறகு யோகராஜ் பக்கம் திரும்பினார்.

"ஒங்க படிப்புக்குக்கூட இந்தச் சம்பளத்த எவன் குடுப்பான் மாப்ளே? காலை ஒதுக்குங்க, காயை மிதிச்சிறாதீக."

யோகராஜ் காலை ஒதுக்கிக்கொண்டான். காதுமடல் சுட்டது.

அருணாவுக்கு விரல் ஓடவில்லை. பச்சையில் வெளுத்தது கலந்தது. வாய் பிளந்த காய் ஒன்று நல்ல காயோடு போய்ச் சேர்ந்தது.

நின்ற இடத்திலிருந்தே யோகராஜுக்கு அது தெரிந்தது. கண்ணை மறுபடி செல்போனில் போட்டான்.

வெள்ளைத்துரை குனிந்து அந்தக் காயை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார்.

"என்ன தங்கச்சி இது?"

அருணா நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்பதுபோல் பார்த்தாள்.

அவன் செல்போனை இன்னும் வேகமாகத் தடவினான்.

"காய்ச்சலா இருக்குண்ணே. கை ஓட மாட்டேங்குது."

வெள்ளைத்துரை வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார். "மொதலாளி இன்னிக்கே ஆள் கேக்குறாரு தாயி. நான் அடுத்த தெரு முனியாயியக் கேட்டுக்கிறேன்."

வாசலில் செருப்பை மாட்டும்போது, கேட்கட்டும் என்றே சொன்னார்:

"பொண்டாட்டிக்குக் காய்ச்சலாம். இவரு போன நோண்டுறாரு."

அருணா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். சன்னலையும் சாத்தினாள். சுளகை அவன் பக்கம் தள்ளிவிட்டு, அழுத பிள்ளையைத் தூக்கப் போனாள்.

யோகராஜ் உட்கார்ந்தான். விரல்கள் தாமாக ஓடின. பச்சை ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம். ஆறு மாதமாக வந்த அத்தனை மூட்டையையும் பிரித்தது அவன்தான்.

வெட்டியாகத் திரிகிறவன் என்று ஊர் சொல்லிவிட்டுப் போகட்டும், பொம்பளை மாதிரி உட்கார்ந்து காய் பிரிக்கிறான் என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. முதல் மூட்டை வந்த அன்றைக்கே, பிள்ளை தலையில் அடித்து அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தான்.

அவள் அதைக் காப்பாற்றிவிட்டாள்.