ஆறு மணிக் கூட்டம்

"பெரியப்பா, ஆறு மணிக்கு முந்தின பத்து நிமிசத்தில மட்டும் அந்தக் கடை வாசலில முந்நூறு பேர்" என்றாள் நிறஞ்சலா.

பெனடிக்ற் சோற்றுக் கோப்பையிலிருந்து தலையைத் தூக்கினார். நிறஞ்சலா அவர் மனைவியின் தங்கை மகள். கொழும்பில் ஒரு பெரிய கடைத்தொகுதியில் வேலை. எந்தச் சாமானை எந்த நேரம் எந்தத் தட்டில் வைத்தால் விற்கும் என்று தரவுகளைக் கிண்டிச் சொல்லுகிறவள். லீவில் வந்தவளிடம் குடும்ப வழக்கு ஒன்று ஒப்படைக்கப்பட்டிருந்தது.

பேசாலைக் கடற்கரை வீதியில் ஒரு கடையறை வெறுமையாகக் கிடந்தது. அதில் பேக்கரி போடுவதா, விடுவதா? போடுவதென்றால் வள்ளத்தையும் இஞ்சினையும் விற்க வேண்டும். விற்ற பிறகு கடை படுத்தால், ஐம்பத்தாறு வயதில் பெனடிக்ற் இன்னொருவர் வள்ளத்தில் கூலிக்கு ஏற வேண்டும்.

கடல் தொழிலை விடும்படி மனைவி அன்ரோனெற் இருபத்துமூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். போன கார்த்திகையில் இஞ்சின் நின்று அவர் இரண்டு நாள் நடுக்கடலில் மிதந்து வந்த பிறகு, நாளுக்கு மூன்று தரம் சொன்னாள். வாய்க்கதை வேண்டாம், ஆதாரம் காட்டு என்பதே பெனடிக்ற்றின் மாறாத மறுமொழி.

அந்த ஆதாரத்துக்காகத்தான் நிறஞ்சலா கடை வாசல் நிலையின் உச்சியில் ஒரு பெட்டியைக் கொழுவியிருந்தாள். வாசலைக் கடக்கிற ஆட்களை எண்ணி, சிவப்பு இலக்கத்தில் ஊருக்கே காட்டும் பெட்டி. மாலை ஆறு மணிக்கு அன்றைய கணக்கை அவளுக்கு அனுப்பிவிட்டு மறுபடி சைபரில் தொடங்கும். முதல் நாள் நூற்றுப் பதினொன்று. பதினாலாம் நாள் அறுநூற்று நாற்பது. அவள் மடிக்கணினியில் கீறிக் காட்டிய படம், தண்ணீருக்கு மேல் சுறாச் செட்டை தெரிகிற மாதிரி ஆறு மணிப் பக்கமாக எழும்பி நின்றது.

பெனடிக்ற் லேசில் மடங்குகிற ஆள் இல்லை. கழுதைகளையும் சேர்த்தா எண்ணியது என்று கேட்டார். தெருவெல்லாம் கழுதை திரிகிற மன்னார்த் தீவில் அவற்றைக் கழிக்காத எந்தக் கணக்கும் செல்லாது. நிறஞ்சலா உயரத்தை வைத்து நாற்பத்தேழு கழுதைகளைக் கழித்திருந்தாள். இரண்டு மட்டும் கொஞ்சம் வளர்த்தியானவை, அவை மனிதராக எண்ணப்பட்டிருக்கலாம் என்று நேர்மையாக ஒப்புக்கொண்டாள்.

"மழையில?"

"வியாழக்கிழமை கொட்டோ கொட்டெண்டு கொட்டினது. அண்டைக்குத்தான் ஆக்கள் கூட."

மழையில் நனைந்து வருகிறவனுக்குச் சூடான மீன் பணிஸைக் கண்டால் கை சும்மா இருக்காது என்று பெனடிக்ற்றுக்குத் தோன்றியது. தரவு சொல்வதும் அதுதான் என்றாள் நிறஞ்சலா. ஐந்தே முக்காலுக்குப் போறணை அடுப்பிலிருந்து பணிஸ் இறங்க வேண்டும். காலையில் கடை பூட்டிக் கிடந்தாலும் பாதகமில்லை.

அன்ரோனெற் இன்னொரு துண்டுப் பாரை மீனை அவர் கோப்பையில் வைத்தாள். விலை பேச வந்த ஷிராஸ் பார்க்கட்டும் என்று வள்ளத்தைக் கரையேற்றிய இந்த இரண்டு வாரமும் வீட்டில் மீனுக்குக் குறைவில்லை. ஆரோ தந்தவை என்பாள். பேசாலையில் மீன் கொடுப்பதற்குக் காரணம் கேட்பது மரியாதை இல்லை என்பதால் அவரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை வள்ளம் ஷிராஸுக்குப் போனது.

கடை திறக்கும் வரை பெட்டி அங்கேயே தொங்கியது. திறப்பு நாள் காலை, பாதர் தீர்த்தம் தெளித்தால் பழுதாகிவிடும் என்று நிறஞ்சலா அதைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு கொழும்பு பஸ் ஏறினாள்.

ஐந்தே முக்காலுக்கு இருநூறு மீன் பணிஸ் தட்டில் ஏறின. ஐந்து ஐம்பதுக்கு, தரவு சொன்னபடியே கூட்டம் வந்தது. முந்நூறு இல்லை, முப்பது பேர். முப்பது பேரும் நிலையின் உச்சியைப் பார்த்தார்கள். பணிஸை ஒருவரும் பார்க்கவில்லை.

"பெனடிக்ற் அண்ணை, நம்பர் பெட்டி எங்க?" என்றான் பக்கத்து மீன்வாடி மரியதாஸ். அவன் கையில் ஒரு பாரை தொங்கியது.

விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. ஆறு மணிக்கு நம்பர் ஒற்றையில் நிற்குமா, இரட்டையில் நிற்குமா என்று ஊருக்குள் பந்தயம். தோற்றவர் வென்றவருக்கு ஒரு மீன். நம்பர் இரட்டையில் நின்றால் ஒற்றைக்காரர் ஒருவர் வாசலைக் கடப்பார். உடனே இரட்டைக்காரர் ஒருவர் கடப்பார். மழை வெயில் பாராமல் ஆறு மணி வரை இதே நடை. முப்பது பேர், ஆளுக்குப் பத்துத் தரம்.

பெனடிக்ற் கதிரையில் இருந்துவிட்டார். வள்ளம் போய்விட்டது. இருநூறு பணிஸும் ஆறிக்கொண்டிருந்தன.

"பெட்டி போனா என்ன, தட்டு இருக்குத்தானே" என்றாள் உள்ளே நின்ற அன்ரோனெற். "ஆறு மணிக்குத் தட்டில மிஞ்சிற பணிஸ் ஒற்றையோ இரட்டையோ எண்டு பிடியுங்கோ. மாத்த விரும்பிறவை ஒண்டு வாங்கலாம்."

ஆறடிக்க ஒரு நிமிடம் இருக்கையில் தட்டு துடைத்துவிட்ட மாதிரிக் கிடந்தது. சைபர் ஒற்றையா இரட்டையா என்று தீர்ப்புச் சொல்ல, கணக்கு ரீச்சர் இந்திராதேவியை ஏற்றிவர முருங்கனுக்கு ஒரு ஓட்டோ பறந்தது.

மற்றவர்கள் ஓட்டோவைப் பார்த்தபடி வீதிக்கு இறங்க, மரியதாஸ் மட்டும் கடை வாசலிலேயே நின்றான். கையிலிருந்த பாரையை பெனடிக்ற்றின் தலைக்கு மேலால் உள்ளே நீட்டினான்.

"இந்தாங்கோ அக்கா, வழமைபோல பந்தயம் நடத்துறவையின்ர பங்கு."

இத்தனை நாளும் தின்ற மீன் முழுவதும் ஒரே நேரத்தில் பெனடிக்ற்றின் தொண்டைக்கு வந்தது. "உந்தப் பெட்டியை நம்பியெல்லே நான் வள்ளத்தை வித்தனான்" என்றார்.

"ஓம். நான் சொல்லி வித்திருப்பீங்களோ?" என்று கேட்டபடி, அன்ரோனெற் பாரையை வாலில் பிடித்து வாங்கினாள்.