டீ சொல்லிவிட்டு வந்த ரெய்டர்

எங்கள் கல்லூரிக் கபடி அணியின் தங்கமூர்த்தி ஒரே மூச்சில் பாடிக்கொண்டே ஏழு பேரையும் தொட்டு, கேண்டீன்வரை ஓடி, விரலைக் காட்டி இரண்டு டீ சொல்லிவிட்டுத் திரும்பி வந்து நடுக்கோட்டைத் தொட்டவன். கல்லூரியின் ஆகச் சிறந்த ரெய்டராக யார் படத்தை அரங்கில் மாட்டுவது என்று பழைய ஆட்டக்காரர்கள் கூடிப் பேசியபோது இதை எடுத்துவிட்டேன். பேருந்தில் வரும்போது நானே கட்டிய கதை. தங்கமூர்த்திக்குப் போட்டியாக மிச்சமிருந்தது ஜெபராஜின் படம் மட்டும்தான்.

"எல்லைக்கோட்டத் தாண்டுனா அவுட்டுடா, கூறுகெட்டவனே" என்றான் ஜெபராஜ். எல்லோரும் தலையாட்டினார்கள்.

பிறகு அவனே தன் படத்தை மேசையிலிருந்து எடுத்துப் பைக்குள் வைத்தான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"ஆனா அன்னிக்கு நடுவரும் வாயப் பொளந்துக்கிட்டு அவன் பின்னாடியேல்ல ஓடுனாரு, விசில யாரு ஊதுவா? நானும் ஓடுனேன். நடந்ததுதான்" என்றான்.